முதல்முறை நீஸ் செல்பவர்களுக்கு: விசா முதல் கூழாங்கல் கடற்கரை வரை

பிரான்ஸின் தெற்குக் கடற்கரைக்குப் போகும் நம்மவர்கள் பலர் நீஸ் நகருக்கு ஒரே ஒரு பகலை ஒதுக்குகிறார்கள். காலையில் கடற்கரையில் படம் எடுத்துக்கொண்டு, மதியம் மொனாக்கோ, மறுநாள் கான் என்று ஓடிவிடுகிறார்கள். இது பெரிய நஷ்டம் என்பது என் உறுதியான கருத்து. நீஸில் தங்கி மற்ற ஊர்களுக்குப் போய்வர வேண்டுமே தவிர, மற்ற ஊர்களுக்குப் போகும் வழியில் நீஸை எட்டிப் பார்க்கக் கூடாது. குறைந்தது நான்கு இரவுகள் கொடுங்கள்.

காரணம் இருக்கிறது. கடலோரத்தில் ஓய்வெடுப்பதற்காகவே ஊர்விட்டு ஊர் போய்த் தங்கும் பழக்கம் ஐரோப்பாவில் வேரூன்றிய இடங்களில் இது முக்கியமானது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்துச் செல்வந்தர்கள் குளிருக்குத் தப்பி இங்கே வரத் தொடங்கினார்கள். நுரையீரல் நோயாளிகளுக்கு இந்த ஊர்க் காற்றை மருத்துவர்கள் பரிந்துரைத்தார்கள். 1864இல் ரயில் வந்தது. ரஷ்யப் பிரபுக்களும் வந்தார்கள். விருந்தாளிகள் தங்குவதற்காகவே ஒரு நகரம் தெருத் தெருவாக எழும்பியது. குளிர்கால ஓய்வு நகரமாக அது வளர்ந்த விதத்திற்காகத்தான் 2021இல் யுனெஸ்கோ நீஸை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இந்தப் பின்னணியை மனத்தில் வைத்துக்கொண்டு நடந்தால், பனைமரம், பால்கனி, ஹோட்டல் முகப்பு எல்லாம் வேறு மாதிரி தெரியும்.

எப்போது போவது

மே நடுப்பகுதி முதல் ஜூன் வரை, அல்லது செப்டம்பர். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். செப்டம்பரில் கோடை முழுதும் வெயில் காய்ந்த கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டம் குறைந்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் அறை வாடகை ஏறிவிடும். கடற்கரையில் துண்டு விரிக்க இடம் தேட வேண்டியிருக்கும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் கனமழை கொட்டும் நாட்கள் உண்டு.

பிப்ரவரிக்குத் தனிச் சிறப்பு இருக்கிறது. நீஸ் கார்னிவல் அப்போதுதான். இன்றைய வடிவிலான ஊர்வலம் 1873இல் தொடங்கியது. அலங்கார வண்டிகளிலிருந்து கூட்டத்தை நோக்கிப் பூக்களை வீசும் ‘பூப்போர்’ 1876இல் சேர்ந்துகொண்டது. இரண்டு வாரம் ஊரே திருவிழாக் கோலத்தில் இருக்கும். அதற்குப் போவதென்றால் பல மாதம் முன்பே அறை பிடித்துவிடுங்கள். பகலில் மெல்லிய ஸ்வெட்டர் போதும். இரவுக்குக் கனமான மேல்சட்டை வேண்டும்.

விசா

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு, பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். ஆனால் அந்தக் கடைசி வரம்பை நம்பாதீர்கள். கோடைக் காலத்தில் நேர்காணலுக்கான தேதி கிடைப்பதே கடினம். மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்குவது நல்லது.

பாஸ்போர்ட் பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக, திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாக இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். தங்குமிட முன்பதிவு, போக்குவரத்து டிக்கெட் விவரம், வங்கிக் கணக்கு அறிக்கை, வேலையிட விடுப்புக் கடிதம் ஆகியவற்றில் தேதிகள் ஒன்றோடொன்று முரண்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தாலியையும் சேர்த்துச் சுற்றுபவர்கள் எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு.

எங்கே தங்குவது

கடலைப் பார்த்த அறைக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். கடற்கரைச் சாலையில் வாகன இரைச்சல் ஓயாது. ஐந்து நிமிடம் உள்ளே நடந்தால் ஜான் மெதசேன் என்ற பெருஞ்சாலையின் இருபுறமும் நல்ல ஹோட்டல்கள் இருக்கின்றன. டிராம் பாதை ஒன்றும் இரண்டும் அங்கேதான் சந்திக்கின்றன என்பதால் எங்கு போகவும் எளிது. அதற்கு மேற்கே, இசைக்கலைஞர்களின் பெயர்களைத் தாங்கிய தெருக்கள் உள்ள பகுதி அமைதியானது. பழைய அழகிய கட்டடங்கள் நிறைந்தது. பழைய நகரத்துக்குள் தங்குவது கனவு போலத் தோன்றும். ஆனால் அங்கே பல வீடுகளில் லிஃப்ட் கிடையாது. கோடை இரவுகளில் உணவகச் சத்தம் ஜன்னலுக்கு அடியிலேயே கேட்கும். பெரியவர்களோடும் பெரிய பெட்டிகளோடும் போகிறவர்கள் அதைத் தவிர்க்கலாம். அறை வாடகைக்கு மேல், ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரி தனியாக வரும்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

விமான நிலையம் ஊரின் மேற்கு ஓரத்தில், கடலை ஒட்டியே இருக்கிறது. இரண்டு முனையங்களிலிருந்தும் டிராம் பாதை 2 புறப்பட்டு, ஊர் நடுவே சுரங்கத்தில் ஓடித் துறைமுகத்தில் முடிகிறது. அரை மணி நேரத்துக்குள் ஜான் மெதசேன் நிறுத்தத்தில் இறங்கிவிடலாம். விமான நிலைய நிறுத்தங்களுக்கான கட்டணம் சாதாரண டிக்கெட்டைவிட அதிகம். இயந்திரத்தில் எந்த டிக்கெட் எடுக்கிறோம் என்று பார்த்து எடுங்கள். ஏறியவுடன் டிக்கெட்டை வண்டிக்குள் இருக்கும் கருவியில் காட்டிப் பதிவு செய்வது அவசியம். பதியாத டிக்கெட் கையில் இருந்தாலும் பரிசோதகர் அபராதம் போடுவார். ஊருக்குள் ஓடும் சாதாரண டிக்கெட்டில் 74 நிமிடத்துக்குள் டிராமிலிருந்து பஸ்ஸுக்கு மாறிக்கொள்ளலாம். வந்த வழியே திரும்பிப் போக அது செல்லாது.

பாரிஸிலிருந்து வருபவர்களுக்கு அந்நகரிலேயே உள்ள ‘கார் தெ லியோன்’ என்ற நிலையத்திலிருந்து நேரடி அதிவேக ரயில் உண்டு. ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கடைசிப் பகுதி முழுதும் கடலோரம் என்பதால் வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். நீஸ்-வீல் என்ற மைய நிலையத்தில் இறங்க வேண்டும்.

முதல் நாள்: குன்று, சந்தை, பழைய நகரம்

நேரே கடலுக்கு ஓடாமல், காலை எட்டரை மணிக்கெல்லாம் கோட்டைக் குன்றில் ஏறிவிடுங்கள். கடற்கரைச் சாலையின் கிழக்கு முனையில், பெல்லாந்தா கோபுரத்தின் அருகே இலவச லிஃப்ட் இருக்கிறது. கால்வலி இல்லாதவர்கள் பக்கத்துப் படிகளில் ஏறலாம். குன்றில் கோட்டையைத் தேடாதீர்கள். 14ஆம் லூயி மன்னனின் உத்தரவால் 1706இல் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இப்போது இருப்பது நிழல் நிறைந்த பூங்கா, ஒரு செயற்கை அருவி, இடிபாடுகள், அப்புறம் அந்தக் காட்சி. மேற்குப் பக்கத் திண்ணையில் நின்றால் தேவதைகள் வளைகுடா முழுதும் ஒரே வளைவாகக் கண்முன் விரியும். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் நீலம் அசல் நீலமாகத் தெரியும், மாலையில் கண்கூசும். கிழக்குப் பக்கத்திலிருந்து துறைமுகத்தையும் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் குன்றிலிருந்து பெரும் வெடிச்சத்தம் கேட்கும். பயப்பட வேண்டாம். 1860களில் இங்கே குளிர்காலத்தைக் கழித்த ஸ்காட்லாந்துக்காரர் தாமஸ் கோவென்ட்ரி, உலாவப் போன மனைவி மதிய உணவுக்கு நேரத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக ஏற்படுத்திய வழக்கம் என்று சொல்கிறார்கள். அவர் போன பின்னும் ஊரார் அதை விடவில்லை. இன்றும் தினமும் வெடிக்கிறது.

குன்றிலிருந்து இறங்கியதும் கூர் சலேயா சந்தை. செவ்வாய் முதல் ஞாயிறு வரை காலையில் பூ, பழம், காய்கறி. திங்களன்று மட்டும் பழம்பொருள் கடைகள். காய்கறிக் கடைகள் மதியம் ஒன்றரை வாக்கில் மூட்டை கட்டிவிடும். கோடையில் பூவோடு கூடிய சுரைக்காய் வகைப் பிஞ்சுகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். அந்தப் பூவை மாவில் தோய்த்துப் பொரித்து விற்பார்கள். சந்தையின் கிழக்குக் கோடியில் உயரமான மஞ்சள் கட்டடம் ஒன்று நிற்கிறதே, ஓவியர் ஆன்றி மத்தீஸ் 1920களிலும் 30களிலும் அங்கேதான் குடியிருந்தார். அவருடைய ஓவியங்களில் வரும் திறந்த ஜன்னலும் கடல் வெளிச்சமும் எங்கிருந்து வந்தன என்பதற்கு அதன் முன் இரண்டு நிமிடம் நின்றாலே போதும்.

அதற்குப் பின்னால் பழைய நகரம். வரைபடத்தைப் பையில் போட்டுவிட்டு நடங்கள். தொலைந்துபோகும் அளவுக்குப் பெரிய இடமல்ல. காவி, மஞ்சள், செம்மண் நிறச் சுவர்கள், தலைக்குமேல் துணிக்கொடி, இத்தாலிய வாடை. 1860இல்தான் இது நிலையாகப் பிரான்ஸோடு சேர்ந்தது, அதற்கு முன் பல நூற்றாண்டுகள் பெரும்பாலும் சவோய் அரச குடும்பத்தின் ஆட்சியில் இருந்தது. இத்தாலியை ஒன்றிணைத்த கரிபால்டி 1807இல் பிறந்தது இந்த ஊரில்தான். தெருப் பலகைகளில் பிரெஞ்சுக்குக் கீழே நிஸ்ஸார்ட் என்ற உள்ளூர் மொழியிலும் பெயர் எழுதியிருப்பார்கள்.

துருவாத் தெருவும் லா லோஜ் தெருவும் சந்திக்கும் மூலையில் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். சுவரில் கறுப்பாக ஒரு பீரங்கிக் குண்டு செருகியிருக்கும். 1543இல் பிரெஞ்சுப் படையும் துருக்கியக் கடற்படையும் சேர்ந்து இந்த ஊரை முற்றுகையிட்டபோது விழுந்ததென்று பக்கத்தில் குறிப்பு இருக்கிறது. கீழே கடை, நடுவே குண்டு, மேலே யாரோ உலரப்போட்ட துண்டு. அந்த முற்றுகையில் எதிரி வீரனை அடித்து வீழ்த்தியதாகச் சொல்லப்படும் சலவைப் பெண் கத்தரீன் செகுரான் ஊரின் வீரநாயகி. அவரைப் பற்றிய வரலாற்றுச் சான்று மெல்லியது. ஊராரின் பற்று கெட்டியானது.

சாப்பாடு

சைவம் உண்பவர்கள் இந்த ஊரில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. முதலில் ஸோக்கா. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, இவ்வளவுதான். அகன்ற தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுடுவார்கள். ஓரம் தீய்ந்து மொறுமொறுப்பாக, நடுப்பகுதி அடையைப் போல மெத்தென்று இருக்கும். சுரண்டியெடுத்துக் காகிதத்தில் வைத்துத் தருவார்கள். மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவி, கையால், சூடாகவே சாப்பிட்டுவிட வேண்டும். ஆறினால் ருசி போய்விடும். வரிசை நீளமாக இருக்கும் கடையில் வாங்குங்கள். தட்டு தட்டாகத் தீர்ந்து புதிதாக வந்துகொண்டே இருக்கும்.

பிசலாதியேர் என்ற வெங்காய ரொட்டி பார்க்கச் சைவம் போலிருக்கும். அதில் நெத்திலி வகை மீன் சேரும். பான் பாஞா என்ற வட்ட ரொட்டியிலும் நீஸ் சாலட்டிலும் சூரையோ நெத்திலியோ இருக்கும். ‘ஃபார்சி’ என்ற அடைத்த காய்கறிகளுக்குள் இறைச்சி. ராத்தத்தூய் என்ற காய்கறிக் கூட்டு, பனிஸ் என்ற கடலைமாவு வறுவல் ஆகியவற்றை நிம்மதியாகக் கேட்கலாம். கீரைத்தண்டுக் குடும்பத்து இலையும் உலர்திராட்சையும் பைன் பருப்பும் வைத்துச் சர்க்கரை தூவிய ‘தூர்த் தெ ப்ளெத்’ என்ற இனிப்பை விட்டுவிடாதீர்கள். கீரையில் இனிப்பா என்று தயங்க வேண்டாம். ‘சான் வியாந்த், சான் புவாசோன்’, அதாவது இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல் என்று ஒவ்வொரு முறையும் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

உணவக நேரம் கறாரானது. மதியம் 12 முதல் 2 வரை, இரவு ஏழுக்குமேல். மூன்று மணிக்குப் பசித்தால் ரொட்டிக் கடைதான் துணை. சாப்பாட்டோடு ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொண்டுவருவார்கள், நல்ல தண்ணீர். கேட்காவிட்டால் காசுக்குப் பாட்டில் வந்துவிடும். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதல் வார்த்தை ‘போன்ஜூர்’. அதைச் சொல்லாமல் நேரே விலை கேட்பதை அங்கே மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொள்கிறார்கள். சொல்லிவிட்டுக் கேட்டால் முகம் மலரும்.

கடல்

நீஸ் கடற்கரையில் மணல் கிடையாது. முழுக்க உருண்டை உருண்டையான சாம்பல் நிறக் கூழாங்கற்கள். வெறுங்காலில் நடப்பது வேதனை. தண்ணீருக்குள் போட்டுக்கொள்ளும் ரப்பர் காலணி வாங்கிக்கொள்ளுங்கள். உட்காரத் துண்டு போதாது, தடித்த பாய் வேண்டும். கரையிலிருந்து சில அடி போனதுமே ஆழம் திடீரென்று கூடும். நீந்தத் தெரியாதவர்களையும் குழந்தைகளையும் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால் இறங்கவே கூடாது. குழந்தைகள் மணலில் விளையாட ஆசைப்பட்டால் ரயிலில் ஏறி வீல்ஃபிரான்ஷ் போங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது.

மெத்தை விரித்த தனியார் பகுதிகளுக்குக் கட்டணம் உண்டு. அவற்றுக்கு இடையிடையே பொதுக் கடற்கரைகள் இலவசம். குளித்துக் கழுவ ஷவரும் இருக்கும். பையைக் கரையில் விட்டுவிட்டு எல்லோரும் ஒன்றாகக் கடலில் இறங்கக் கூடாது.

கடலைவிட அதன் ஓரத்து நடைபாதைதான் இந்த ஊரின் உயிர். ப்ரோமெனாத் தெ ஸாங்லே, சுமார் ஏழு கிலோமீட்டர். லூயிஸ் வே என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1820களில், கடுங்குளிரால் பிழைப்பிழந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகப் பணம் திரட்டிப் போட்ட பாதை அது. அன்றைக்கு வெறும் மண்பாதை. அங்கிருக்கும் நீல நாற்காலிகளில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், காசில்லை. மாலை ஆறரைக்கு ஒன்றைப் பிடித்து உட்கார்ந்தால், ஓடுபவர்கள், முதியவர்கள், குழந்தை வண்டி தள்ளுபவர்கள் என்று ஊரே கடந்துபோகும். நடக்கும்போது சைக்கிள் தடத்தில் கால் வைக்காதீர்கள், வேகமாக வருவார்கள். 1913இல் திறந்த நெக்ரெஸ்கோ ஹோட்டலின் இளஞ்சிவப்புக் கூரையும் இந்தச் சாலையில்தான்.

2016 ஜூலை 14 இரவு, தேசிய தின வாணவேடிக்கை பார்க்கத் திரண்டிருந்த கூட்டத்துக்குள் லாரியைச் செலுத்தி நடத்திய தாக்குதலில் 86 பேர் இறந்ததும் இதே பாதையில்தான். அவர்களுடைய நினைவாகக் கிழக்குப் பகுதியில் ஒரு தேவதைச் சிலை நிறுவியிருக்கிறார்கள். அங்கே சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். உறவுகளை இழந்தவர்கள் இன்னும் அங்கே பூ வைக்கிறார்கள்.

இரண்டாம் நாள்: சிமியே மேடு

மத்தீஸ், ஷாகால் அருங்காட்சியகங்கள் இரண்டுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. திட்டத்தை இதிலிருந்து தொடங்கி வகுத்துக்கொள்ளுங்கள். ஷாகால் அருங்காட்சியகத்துக்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். ஓவியர் உயிரோடு இருக்கும்போதே, 1973இல், அவருடைய பைபிள் ஓவியங்களுக்காகவே கட்டிய இடம். பெரிய கித்தான்கள் பதினேழு. சிவப்பு ஓவியங்கள் ஐந்தும் தனி அறையில் இருக்கும், அங்கே அவசரப்படாதீர்கள். அரங்கின் நீலக் கண்ணாடி ஜன்னல்களையும் பாருங்கள். தேசிய அருங்காட்சியகம் என்பதால் மாதத்தின் முதல் ஞாயிறு நுழைவு இலவசம்; அன்று கூட்டமும் அதற்கேற்ப இருக்கும்.

அங்கிருந்து பஸ்ஸில் மேலே ஏறி, ‘அரேன்’, ‘மத்தீஸ்’ என்று பெயர் உள்ள நிறுத்தத்தில் இறங்குங்கள். ஆலிவ் தோப்புக்கு நடுவே சிவந்த பழைய மாளிகையில் மத்தீஸ் அருங்காட்சியகம். பக்கத்தில் ரோமானியர் காலக் குளியலிடங்களும் சிறிய அரங்கமும். அருகே ரெஜினா என்ற பிரம்மாண்டமான முன்னாள் ஹோட்டல். விக்டோரியா மகாராணி 1890களின் பிற்பகுதியில் குளிர்காலம் கழித்த இடம். அதே கட்டடத்தில் பிற்பாடு மத்தீஸும் குடியிருந்தார். அவருடைய கல்லறை பக்கத்து மடத்தின் இடுகாட்டில் இருக்கிறது.

நேரம் மிஞ்சினால் 1912இல் திருநிலைப்படுத்தப்பட்ட ரஷ்ய தேவாலயத்துக்குப் போகலாம். ரயில் நிலையத்துக்கு மேற்கே இருக்கிறது. தோளும் முழங்காலும் மறைந்த உடை அவசியம்.

மூன்றாம், நான்காம் நாள்: கடலோர ரயில்

கார் வாடகைக்கு எடுக்காதீர்கள். நிறுத்த இடம் தேடியே நாள் போய்விடும். வட்டார ரயில் எல்லா ஊரையும் தொட்டுப்போகிறது. கிழக்கே வீல்ஃபிரான்ஷ், மொனாக்கோ, எலுமிச்சைக்குப் பெயர்போன மாந்தோன், கடைசியில் இத்தாலியின் வென்தீமிலியா. மேற்கே அந்தீப், கான். கிழக்கே போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள், மேற்கே போகும்போது இடப்பக்கம். கடல் அந்தப் பக்கம்தான். மொனாக்கோவுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ஒரே நாளில் நான்கு ஊர் என்று அடுக்காமல், ஒரு நாள் மாந்தோன், வரும் வழியில் வீல்ஃபிரான்ஷ். மறுநாள் அந்தீப் என்று வைத்துக்கொண்டால் போதும். மொனாக்கோவை நான் கட்டாயமாகச் சொல்ல மாட்டேன்; மாந்தோனைச் சொல்வேன்.

பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். இத்தாலிய எல்லையில், முக்கியமாகத் திரும்பும்போது, ரயிலில் ஏறிச் சோதிப்பது வழக்கம். கூட்டமான ரயிலிலும் டிராமிலும் கைப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112.

கிளம்பும் நாள்

ஆலிவ் எண்ணெய், சர்க்கரைப் பாகில் ஊறவைத்த பழங்கள், கொண்டைக்கடலை மாவு ஆகியவை இங்கிருந்து வாங்கிவரத் தகுந்தவை. எண்ணெயைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பெரிய பெட்டிக்குள் துணியில் சுற்றி வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் ஒரே கடையில் 100 யூரோவுக்குமேல் வாங்கினால் வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். பணம் கொடுக்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டி ‘தெத்தாக்ஸ்’ படிவம் கேளுங்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பு அந்தப் படிவத்தின் கோட்டுக்குறியைச் சுங்க இயந்திரத்தில் காட்டிப் பதிய வேண்டும். வாங்கிய பொருளைக் காட்டச் சொல்லவும் கூடும் என்பதால், இதற்கென்று அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். விமானம் வேறொரு ஐரோப்பிய ஒன்றிய நகரம் வழியாக மாறிப்போவதென்றால், ஒன்றியத்தை விட்டு வெளியேறும் அந்தக் கடைசி விமான நிலையத்தில்தான் படிவத்தைப் பதிய வேண்டும். அங்கே விமானம் மாறக் கிடைக்கும் நேரத்தைக் கணக்கிட்டு, வாங்கிய பொருள்களைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். எண்ணெய்க்கு மட்டும் இந்தச் சலுகையை மறந்துவிடுங்கள்.